கால்வழி 17

பணிப்பதிவேட்டில் அவள் பெயர்
மூன்று விதமாக இருக்கிறது.
1921இல் செல்வி ட்சிட்ஸ்க ஹோக்டெர்ப்.
1934இல் முனைவர் ஹோக்டெர்ப்.
ஓய்வூதியத் தாளில் வெறும் எண்.

ஃப்ரீஸ்லாந்திலிருந்து உத்ரெக்டுக்கு
ஒரு மரப்பெட்டியோடு வந்தவள்.
முதல் வேலை: எண்ணுதல்.
எதை என்று கேட்டாள்.
பேராசிரியர் ரோலிங்க் வாளியைக் காட்டினார்.
குளத்து நத்தைகள்.
எந்தப் பக்கம் சுருள்கின்றன, பார்.

நம்மிடம் வலம்புரி என்றால் அரிது,
பூசையறைக்குப் போகும்.
அதே சங்கின் கூர்முனையை மேலே நிமிர்த்திப் பிடித்து
வாய் இடப்பக்கம் என்று
அவர்கள் எழுதிக்கொள்வார்கள்.
அரிது என்பதில் மட்டும்
இரண்டு கணக்கும் ஒத்துப்போகின்றன.

புன்னிக் ஓடையில் இடது கிடைக்க
அவளுக்கு இரண்டு கோடைகள் ஆயின.
ஜாம் ஜாடியில் தனியே விட்டாள்.
துணை வேண்டாம் அதற்கு,
தாயும் அதுவே தந்தையும் அதுவே.
முட்டையிட்டது. குஞ்சுகள் அத்தனையும் வலது.

ஜாடி மாறிவிட்டதென்று
ரோலிங்க் திட்டினார்.
கழுவினாள். மறுபடி எண்ணினாள்.
அந்த வலதுகளில் நான்கில் ஒன்று
தான் வலதாகவே இருந்துகொண்டு
தன் பிள்ளைகளை எல்லாம் இடதாக ஈன்றது.

உள்ளே எழுதியிருப்பது தன்மேல் தெரியாது.
பிள்ளையின் ஓட்டில் தெரியும்.
தன் ஓட்டில் இருப்பதோ
தாயின் கையெழுத்து.

இதைச் சொன்ன கட்டுரை
ஜெர்மன் மொழியில், நாற்பத்தொரு பக்கம்.
ஆசிரியர்: ரோலிங்க்.
கடைசிப் பத்தியில்
'செல்வி ஹோக்டெர்ப்பின் பொறுமைக்கு நன்றி.'
அவளுடைய பிரதியில், இருபத்துமூன்றாம் பக்க ஓரம்,
பென்சிலால் ஒரே ஒரு திருத்தம்:
313 அல்ல, 331.

பிறகு ரோலிங்க் இறந்தார்.
பிறகு அவள் பெயரில் ஒன்பது கட்டுரைகள்,
இருபது வருடம்,
ஆயிரத்து நூற்று நாற்பது ஜாடிகள்.
அவற்றுள் கால்வழி 17
கலப்பே இல்லாத இடது.
அதைப் பார்க்க எடின்பரோவிலிருந்து
ஆள் வந்து போனார்கள்.

குறிப்பேடு, 1945:

ஜனவரி 9. ஓடை உறைந்தது. கீரை இல்லை.
எல்ம் சருகு ஊறவைத்துப் போட்டேன்.
ஜனவரி 22. நாற்காலி இரண்டை எரித்தாயிற்று.
கீழ்வீட்டில் டூலிப் கிழங்கு வேகிற வாசம்.
பிப்ரவரி 3. கால்வழி 17: உயிரோடு 212.
பிப்ரவரி 4. கால்வழி 17: முடிந்தது.
உப்பு கிடைக்கவில்லை.

கடைசி வரியை
வானிலைக் குறிப்பு போலத்தான்
முதலில் வாசித்தேன்.
வேறு பக்கம் திருப்பி
மூன்று தாள் போன பிறகுதான்
கை நின்றது.

கீழ்வீட்டில் ஐந்து பேர்,
அவளோடு ஆறு.

1947இன் கட்டுரை சொல்கிறது:
'போர்க்காலச் சூழலில்
உணவின்மையால் கால்வழி அழிந்தது.'
ஒரு சொல்கூடப் பொய் இல்லை.
யாருடைய உணவின்மை என்று
எந்த மதிப்பீட்டாளரும் கேட்கவில்லை.

விருதுக் குழு பின்னாளில் அனுப்பிய படிவத்தில்
'தங்கள் முதன்மைப் பங்களிப்பு' என்ற கட்டம்.
நான்கு வரி இடம் விட்டிருந்தார்கள்.
212 என்று எழுதியிருக்கிறாள்.
யாரோ சிவப்பு மையில்
வினாக்குறி போட்டிருக்கிறார்கள்.

ஆறால் வகுத்துப் பார்த்தேன்.
தலைக்கு முப்பத்தைந்து.
மீதி இரண்டு.

1952இன் இருப்புப் பட்டியலில்,
ஈரம் பட்டு ஊறிய தாளில்,
ஒரு ஜாடி புதிதாக வருகிறது:
17-ஆ. இடது. கலப்பில்லை.
எங்கிருந்து பெறப்பட்டது என்ற இடத்தில்
ஒரு சிறு கோடு.